உழைத்ததை நிரூபி: உதவியும் வேலை நிபந்தனையும்



ஏழைக்கு அரசு உதவும்போது, பதிலுக்கு அவர் வேலை செய்தாக வேண்டும் என்று நிபந்தனை போடலாமா? இன்றைய உரை இந்த ஒரு கேள்வியைப் பற்றியது. எந்தத் தேநீர்க் கடையில் கேட்டாலும் இதற்கு உடனே பதில் வரும். "சும்மா குடுத்தா சோம்பேறி ஆயிடுவாங்க" என்பார் ஒருவர். "பசிச்சவன்கிட்ட போய்க் கணக்குக் கேக்கறதா" என்பார் இன்னொருவர். முதலாமவரை ஈரமில்லாதவர் என்று நான் ஒதுக்கமாட்டேன். பெரும்பாலும் அவரே விடியலில் எழுந்து வேலைக்குப் போகிறவராகத்தான் இருப்பார். அவருக்குப் பதில் சொல்லும் பொறுப்பு என்னைப் போன்றவர்களுக்கு இருக்கிறது.

இந்த விவாதம் இன்று மிகவும் சூடாக நடப்பது அமெரிக்காவில். அங்கே 2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடாகிய மெடிக்கெய்டுக்கு முதன்முறையாக நாடு முழுவதற்குமான வேலை நிபந்தனையைக் கொண்டுவந்திருக்கிறது. 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் காப்பீட்டுக்குள் வந்த 19 முதல் 64 வயது வரையுள்ளவர்கள், மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ பயிற்சியோ சமூகப் பணியோ செய்ததாகக் காட்ட வேண்டும். நோயாளிகளுக்கும், 13 வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கும் விலக்கு உண்டு. 2027 ஜனவரி 1-க்குள் மாநிலங்கள் இதை அமல்படுத்தியாக வேண்டும். இதனால் 2034 வாக்கில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் காப்பீடு இல்லாமல் போவார்கள் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் வரவு செலவு ஆய்வு அலுவலகமே கணித்திருக்கிறது.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை கேட்பதே தவறு என்று நான் வாதாட வரவில்லை. வேலை கேட்கும் அரசு, வேலை கொடுக்கவும் கடமைப்பட்டிருக்கிறது. வேலையும் கொடுக்காமல், செய்த வேலைக்கு மாதாமாதம் ஆதாரம் மட்டும் கேட்டால், அந்த வலையில் விழுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் உழைப்பாளிகள்தான். இதை ஊகமாகச் சொல்லவில்லை. ஒரு மாநிலத்தில் நடத்திப் பார்த்தாயிற்று.

அந்த மாநிலம் ஆர்கன்சா. அமெரிக்காவில் நெல் மிக அதிகமாக விளைவது அங்கேதான். கோழி இறைச்சி ஆலைகளும் நிறைய. 2018 ஜூனில் மெடிக்கெய்டுக்கு வேலை நிபந்தனையை அமெரிக்காவிலேயே முதலில் அமல்படுத்தியது அந்த மாநிலம்தான். முதல் கட்டமாக 30 முதல் 49 வயது வரையுள்ளவர்கள். மாதம் 80 மணி நேரம். ஓர் ஆண்டில் மூன்று மாதம் கணக்குக் காட்டத் தவறினால் அந்த ஆண்டு முடியும்வரை காப்பீடு கிடையாது.

அரசிடம் ஏற்கெனவே இருந்த பதிவேடுகளைக் கொண்டு மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு அதுவாகவே விலக்குக் கிடைத்துவிட்டது. மிச்சமிருந்தவர்கள் கணக்குக் காட்ட வேண்டும். எப்படி? வீட்டுக்கு ஒரு கடிதம் வரும். அதில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்து இணையதளத்தில் கணக்குத் தொடங்க வேண்டும். அதற்கு மின்னஞ்சல் முகவரி வேண்டும். பிறகு ஒவ்வொரு மாதமும் உள்ளே போய், எந்த வேலை, எத்தனை மணி நேரம் என்று பதிய வேண்டும். முதல் மாதங்களில் இணையதளம் ஒன்றுதான் வழி. தொலைபேசியில் சொன்னால் ஏற்கமாட்டார்கள், அலுவலகத்தில் காகிதமாகக் கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். வீடுகளில் இணைய வசதி மிகக் குறைந்த மாநிலங்களில் ஆர்கன்சாவும் ஒன்று. அந்த இணையதளமோ இரவு 9 மணிக்கு மூடி, மறுநாள் காலை 7 மணிக்குத்தான் திறக்கும். மாலை ஷிப்டு முடிந்து வீடு வந்து, பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு உட்காருகிறவளுக்கு அது மூடியிருக்கும். அரசு அலுவலகத்துக்கு இரவு உண்டு, சரி. இணையதளத்துக்கு எதற்கு இரவு?

இதை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கின் ஆவணங்களில் ஒரு கோழி இறைச்சி ஆலைத் தொழிலாளியின் வாக்குமூலம் இருக்கிறது. நுரையீரல் நோய் உள்ளவர், மருந்தின் பலத்தில் வேலைக்குப் போய்வந்தவர். வாரம் 30 மணி நேரத்துக்கும் மேல் வேலை. நிபந்தனைக்கு வேண்டியதைவிட அதிகம். ஒருமுறை பதிந்தார், அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். மருந்துக் கடைக்குப் போனபோதுதான் காப்பீடு போய்விட்டது என்று தெரிந்தது. கைக்காசு கொடுத்து வாங்கும் விலையில் மருந்து இல்லை. மருந்து நின்றது, மூச்சு முட்டியது, மருத்துவமனையில் சேர்ந்தார், வேலைக்குப் போக முடியாத நாட்கள் கூடின, கடைசியில் வேலையே போயிற்று. மக்களை வேலைக்கு அனுப்ப வந்த சட்டம் வேலையில் இருந்த ஒருவரை வேலையிலிருந்து வெளியே தள்ளியது. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

2018 டிசம்பருக்குள் 18,000-க்கும் மேற்பட்டோர் காப்பீட்டை இழந்தார்கள். 2019 மார்ச்சில் கூட்டாட்சி நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் திட்டத்தை நிறுத்தினார். அதே ஆண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். வேலையில் இருப்போர் எண்ணிக்கை கூடியதற்கு எந்த அடையாளமும் இல்லை. நிபந்தனைக்கு உட்பட்டவர்களில் 95 சதவீதத்துக்கும் மேலானவர்கள் ஏற்கெனவே அதை நிறைவேற்றிக்கொண்டிருந்தார்கள், அல்லது விலக்குக்கு உரியவர்கள். மூன்றில் ஒருவர் இப்படி ஒரு நிபந்தனை இருப்பதையே கேள்விப்பட்டிருக்கவில்லை.

95 சதவீதம் என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். சோம்பேறிகள் என்று தேடப் போனால் நூற்றில் ஐந்து பேர்கூடத் தேறவில்லை. அந்தச் சிலரைப் பிடிக்க மற்றவர்கள் எல்லோரும் மாதந்தோறும் தங்கள் நேர்மைக்குச் சாட்சி கொண்டுவர வேண்டும். சாட்சி சொல்லத் தெரியாதவர் குற்றவாளி.

இந்தச் சிந்தனை ஆர்கன்சாவில் பிறந்தது அல்ல. 1834-இல் இங்கிலாந்தில் ஏழைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பொருளியல் அறிஞர் நாசோ சீனியரும் எட்வின் சாட்விக்கும் எழுதிய அறிக்கைதான் அதற்கு அடிப்படை. உதவி வாங்குகிறவரின் நிலை, வெளியே கூலி வேலை செய்யும் மிக எளிய தொழிலாளியின் நிலையைவிட ஒரு படி கீழேதான் இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. அப்போதுதான் உண்மையான தேவை உள்ளவர் மட்டும் வருவார் என்று கருதினார்கள். அதற்காக ஒர்க்ஹவுஸ் என்னும் வேலை விடுதிகள் எழுந்தன. உள்ளே வந்தால் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறொரு பக்கம். 1845-இல் ஆண்டோவர் என்ற ஊரின் விடுதியில் எலும்பு நொறுக்கும் வேலையில் விடப்பட்டவர்கள், பசி தாங்காமல் அந்த எலும்புகளில் ஒட்டியிருந்ததைத் தின்றார்கள் என்ற செய்தி வெளிவந்து நாடே அதிர்ந்தது.

அந்தக் கொள்கை கப்பலேறி நம் மண்ணுக்கும் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1876-இல் பருவமழை பொய்த்து மெட்ராஸ் மாகாணம் வறண்டது. மாகாண ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு நிவாரண வேலைகளைத் தொடங்கினார். செலவு ஏறுகிறது என்று கவலைப்பட்ட வைஸ்ராய் லிட்டன், 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிளை இங்கே அனுப்பினார்.

இந்த டெம்பிள் யார் என்பது முக்கியம். மூன்று ஆண்டுகளுக்கு முன் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசியை இறக்கித் தாராளமாகக் கொடுத்தவர் அவரேதான். அங்கே பட்டினியால் இறந்தவர்கள் மிகச் சிலர். அதற்காக அவருக்குப் பாராட்டுக் கிடைக்கவில்லை. பொதுப்பணத்தை வாரி இறைத்தார் என்ற வசைதான் கிடைத்தது. அந்தப் பெயரைத் துடைத்துக்கொள்ள மெட்ராசுக்கு வந்தவர்போலத்தான் அவர் நடந்துகொண்டார். வேலை செய்யும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதிலும் குறைவு. நாள் முழுவதும் மண் வெட்டிச் சுமப்பதற்கு இதுதான் கூலி. வேலை குறைந்தால் கூலியும் குறையும். உடலில் வலுவுள்ளவர் என்று கருதப்பட்டவர் வீட்டை விட்டு நெடுந்தொலைவு போய், வேலை நடக்கும் முகாமிலேயே தங்க வேண்டும். அத்தனை தொலைவு வருகிறவர் உண்மையிலேயே பசித்தவராக இருப்பார் என்பது கணக்கு. அவர் வந்த சில வாரங்களில் லட்சக்கணக்கானோர் நிவாரண வேலைப் பட்டியலிலிருந்து நீங்கினார்கள். பசி தீர்ந்து நீங்கியவர்கள் அல்லர்.

எதிர்த்தவர் ஒரு மருத்துவர். மெட்ராஸ் மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ். தென்னிந்திய மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பதை முன்பே ஆராய்ந்திருந்தவர். சும்மா இருக்கும் உடம்புக்கே போதாத தானியத்தைக் கொடுத்துவிட்டு அந்த உடம்பிடம் மண் வெட்டும் வேலை வாங்குகிறீர்கள் என்றார். தானியத்தைக் கூட்டுங்கள், பருப்பும் காய்கறியும் சேருங்கள் என்று மீண்டும் மீண்டும் எழுதினார். முகாம்களில் கண்ட உடம்புகளைச் சாட்சியாக வைத்தார். சில மாதங்களில் மாகாண அரசு கூலியைக் கொஞ்சம் உயர்த்த வேண்டி வந்தது. அதற்குள் எத்தனையோ பேருக்குக் காலம் கடந்திருந்தது. அந்தப் பஞ்சத்தில் இந்தியா முழுவதும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அப்போது பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் அதற்குள் நிற்கின்றன. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் ரயில் ஏறுகிறவர்கள், பிழைப்பு நாடி வந்த கைகள் தோண்டிய வாய்க்காலுக்கு மேலே நின்றுதான் ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள்.

இதே மாகாணத்தில், பஞ்சத்துக்குப் பத்தாண்டு முன்னால், 1867-இல் வடலூரில் வள்ளலார் தருமசாலையைத் திறந்திருந்தார். யார், எந்தச் சாதி, ஏன் வந்தாய், உடம்பில் வலு இருக்கிறதா என்று எந்தக் கேள்வியும் இல்லை. பசி மட்டும் தகுதி. வருகிறவர் எல்லாம் சோம்பேறியாகிவிடுவார் என்று அவர் அஞ்சவில்லை. ஓர் அரசு முழுவதும் தருமசாலையாக இயங்க முடியாது, நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிபந்தனையில்லாத உதவி நம் மண்ணுக்குப் புதிது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

டெம்பிளைப் பற்றி இவ்வளவு கடுமையாகப் பேசிவிட்டு ஒன்றையும் சொல்ல வேண்டும். அவர் கேட்ட வேலை அங்கே இருந்தது. மண்வெட்டியும் கூடையும் சர்க்கார் கொடுத்தது. வெட்ட வேண்டிய இடத்தை அளந்து காட்டியது. ஆர்கன்சா அதைக்கூடச் செய்யவில்லை. வேலை தேடித் தரவோ, பயிற்சி தரவோ, பேருந்துக் கட்டணம் தரவோ அந்தத் திட்டத்தில் புதிதாகப் பணம் ஒதுக்கவில்லை. கேட்டது ஆதாரம் ஒன்றை மட்டும்.

இனி எதிர்த்தரப்பை முழுவதுமாகக் கேட்போம். லாரன்ஸ் மீட் என்ற அரசியல் அறிஞர் 1986-இல் எழுதிய நூலில், உதவி ஒரு வழிப்பாதையாக இருக்கக் கூடாது என்று வாதிட்டார். குடிமகனுக்கு உரிமை இருப்பதுபோலக் கடமையும் இருக்கிறது, வேலையைக் கேட்காமல் விடுவதுதான் ஏழையை மற்றவருக்குச் சமமாக மதிக்காத செயல் என்றார். இது அலட்சியப்படுத்தக்கூடிய வாதம் அல்ல. உதவி பெற்ற பெண்களிடமே கேட்டபோது பலர் வேலைக்குப் போகத்தான் விரும்பினார்கள். 1992 அதிபர் தேர்தலில் கிளின்டன் இந்த மனநிலையைத்தான் தொட்டார். 1996 ஆகஸ்ட் 22 அன்று அவர் கையெழுத்திட்ட சட்டம், அறுபது ஆண்டுகளாக ஏழைத் தாய்மாருக்கு இருந்த பண உதவி உரிமையை முடித்துவைத்தது. வாழ்நாளில் மொத்தம் ஐந்து ஆண்டு வரம்பு. வாரம் 30 மணி நேர வேலை, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் 20 மணி. எதிர்த்து, அரசில் உயர் பதவியில் இருந்த பீட்டர் எடல்மேன் பதவி விலகினார்.

அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் தனித்து வாழும் தாய்மார் பெருமளவில் வேலைக்குப் போனார்கள். இது உண்மை. சட்டத்தின் ஆதரவாளர்கள் இன்றுவரை இதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அதே காலத்தில் அமெரிக்கப் பொருளாதாரம் கொழித்துக்கொண்டிருந்தது. குறைந்த கூலிக்கு உழைக்கிறவருக்கு வரித்துறை வழியாக அரசே பணம் சேர்த்துக் கொடுக்கும் திட்டத்தை 1993-இல் பெரிதாக விரித்திருந்தார்கள். வேலைக்குப் போனால் கையில் கூடுதலாக நின்றது, அதனாலும் போனார்கள். குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய சோதனைகளில், கட்டாய வேலைத் திட்டங்கள் முதல் ஓரிரு ஆண்டில் வேலைவாய்ப்பைக் கூட்டின. ஐந்தாம் ஆண்டு வாக்கில் பெரும்பாலான இடங்களில் அந்த வித்தியாசம் கரைந்துபோயிற்று. கட்டாயம் இல்லாத குழுவினரும் தாமாகவே வேலைக்குப் போயிருந்தார்கள்.

மினசோட்டா மாநிலத்தில் வேறு மாதிரி செய்தார்கள். வேலைக்குப் போனதும் உதவியை வெட்டாமல், சம்பளத்தோடு அதில் ஒரு பகுதியையும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அங்கே வேலையும் கூடியது, வறுமையும் குறைந்தது. மீட் அவர்களின் கடமை வாதத்தை நம்புகிறவர்கள் இந்தச் சோதனையைத்தான் அதிகம் பேச வேண்டும். பேசுவதில்லை.

1996 சட்டத்தின் இன்னொரு பக்கம் காலம் போகப் போகத்தான் தெரிந்தது. அந்த ஆண்டு, குழந்தைகள் உள்ள ஏழைக் குடும்பங்கள் நூற்றில் 68 குடும்பங்களுக்குப் பண உதவி கிடைத்தது. 2020 வாக்கில் அது நூற்றுக்கு 21 ஆகிவிட்டது. மாநிலங்களுக்குத் தரும் மொத்த மானியம் ஏறக்குறைய 1,650 கோடி டாலர் என்று அன்று நிர்ணயித்தார்கள். விலைவாசி ஏறியும் அந்தத் தொகை அப்படியே நின்றது. அதையும் மாநிலங்கள் வேறு செலவுகளுக்குத் திருப்பின. மிசிசிப்பியில் 7 கோடி டாலருக்கும் மேல் முறைகேடாகச் செலவானதை மாநிலத் தணிக்கை வெளிக்கொண்டுவந்தது. பல்கலைக்கழக வாலிபால் அரங்கம் ஒன்றுக்கும் அந்தப் பணம் போயிருந்தது. ஏழைத் தாயிடம் மணிக்கணக்குக் கேட்டவர்கள் தங்கள் கணக்கை இப்படி வைத்திருந்தார்கள்.

யாருடைய வேலை வேலையாக எண்ணப்படுகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு இந்த விவாதத்தின் மையம் இதுதான். 1935-இல் அதிபர் ரூஸ்வெல்ட் காலத்தில் இந்தப் பண உதவி தொடங்கியபோது, கணவனை இழந்த தாய் வீட்டிலிருந்து பிள்ளைகளை வளர்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பிள்ளை வளர்ப்பை அன்று வேலையாகவே கருதினார்கள், தாய் வெள்ளைக்காரியாக இருந்தவரை. 1943-இல் லூசியானா மாநிலம் ஒரு விதி கொண்டுவந்தது. ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைகள் உள்ள தாய்க்கு, வயலில் ஆள் தேவைப்படும் காலத்தில் உதவி கிடையாது. பருத்தி எடுக்கும் பருவம் வந்தால் கறுப்பினத் தாய்மாரின் உதவி நிற்கும். தோட்ட முதலாளிக்கு ஆள் கிடைக்கும், அவர் சொன்ன கூலிக்கு. வேலை நிபந்தனையின் பேச்சில் ஒழுக்கம் இருக்கும், கடமை இருக்கும். அதன் பின்னால் மலிவான கூலிக்கு ஆள் தேடும் ஒருவர் நிற்கிறாரா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுவது நல்லது.

ஆர்கன்சாவில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, சிறுமியாகவே பருத்தி எடுத்தவர் ஜானி டில்மன். பிறகு கலிபோர்னியாவுக்குப் போய்ச் சலவை நிலையத்தில் துணிக்குப் பெட்டி போட்டார். ஆறு பிள்ளைகளின் தாய். நோய்வாய்ப்பட்டு உதவித்தொகை வாங்க நேர்ந்தபோது அலுவலர்கள் நடத்திய விதத்தைப் பார்த்து, 1963-இல் லாஸ் ஏஞ்சல்சின் வாட்ஸ் பகுதியில் தாய்மாரைத் திரட்டிச் சங்கம் அமைத்தார். பிறகு நாடு தழுவிய இயக்கத்தின் தலைவரானார். 1972-இல் மிஸ் என்ற பெண்கள் இதழில் அவர் எழுதிய கட்டுரை, பெண்கள் வீட்டில் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைக்கு அரசு கூலி கொடுக்கட்டும் என்று கேட்டது. இன்றைய சட்டத்திலோ, அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காசுக்குப் பார்த்துக்கொண்டால் அது 80 மணி நேரக் கணக்கில் சேரும். பக்கவாதத்தில் படுத்திருக்கும் தன் தாயை மகள் பார்த்துக்கொண்டால், அதற்கு விலக்குக் கோரி விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் தவறினால் அவளும் வேலை செய்யாதவள்தான். டில்மன் கேட்டு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது, அந்த அநியாயம் அப்படியே இருக்கிறது.

வேலைக்குப் போகிறவர்களின் நிலை என்ன? மெடிக்கெய்டில் உள்ள, உடல் ஊனத்துக்கான உதவி பெறாத பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானவர்கள் ஏற்கெனவே வேலையில் இருக்கிறார்கள். நோயாளிகளையும், வீட்டில் ஒருவரைக் கவனித்துக்கொள்கிறவர்களையும், படிக்கிறவர்களையும் சேர்த்தால் பத்தில் ஒன்பது பேர் வந்துவிடுவார்கள். ஆனால் அவர்கள் இருப்பது உணவகத்தில், பெரிய கடையில், கிடங்கில், முதியோர் பராமரிப்பில். அங்கே இந்த வாரம் எத்தனை மணி நேரம் என்பதை மேலாளர்தான் எழுதுவார். கூட்டம் இருந்தால் 30 மணி, கூட்டம் இல்லையென்றால் 12 மணி. பாதி ஷிப்டில் போய்வா என்பார்கள். ஜனவரியில் கடையில் வியாபாரம் மந்தம். 80 வர வேண்டிய மாதத்தில் 74 வருகிறது. அந்த ஆறு மணி நேரத்தைக் குறைத்தவர் முதலாளி. காப்பீடு போவது தொழிலாளிக்கு.

உணவு உதவியிலும் இதே கதைதான். பிள்ளைகள் இல்லாத, உடல் நலமுள்ள பெரியவர்கள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யாவிட்டால் மூன்று ஆண்டுகளில் மூன்று மாதம் மட்டும் உணவு உதவி என்ற விதி 1996-இலேயே வந்தது. வர்ஜீனியா மாநிலத்தின் பதிவேடுகளைக் கொண்டு நடந்த ஆய்வில், அந்த விதிக்குள் வந்தவர்களில் பாதிக்கும் மேலானவர்கள் உதவியிலிருந்து விழுந்தார்கள். வேலைவாய்ப்பு கூடியதாகத் தெரியவில்லை. இருந்தும் 2025 சட்டம் அதன் வயது வரம்பை 64 வரை நீட்டியது. முன்னாள் படைவீரருக்கும் வீடற்றவருக்கும் இருந்த விலக்கையும் எடுத்துவிட்டது.

ஜார்ஜியா மாநிலம் 2023 ஜூலையில் மாதம் 80 மணி நேர நிபந்தனையோடு ஒரு மெடிக்கெய்ட் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டில் ஐயாயிரம் பேர்கூடச் சேரவில்லை. மத்தியத் தணிக்கை அலுவலகம் 2025-இல் சொன்ன கணக்குப்படி, நிர்வாகத்துக்கும் கணினி ஏற்பாடுகளுக்கும் ஆன செலவு, மருத்துவத்துக்கு ஆன செலவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. வரிப்பணம் வீணாகக் கூடாது என்று கவலைப்படுகிற தேநீர்க் கடை நண்பருக்கு நான் காட்ட விரும்புவது இந்தக் கணக்கைத்தான்.

நம் நாட்டில் 2005-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டம், இந்தக் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது. நூறு நாள் வேலை என்று கிராமத்தில் சொல்வார்கள். அதுவும் டெம்பிளின் மண்வெட்டியும் கூடையும்தான். ஏரி தூர்வாருதல், வரப்பு போடுதல். ஆனால் நிபந்தனை அரசின்மேல் விழுந்தது. வேலை கேட்டு மனுக் கொடுத்த 15 நாளுக்குள் அரசு வேலை தர வேண்டும், தராவிட்டால் வேலையின்மைப் படி தர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். படி ஒழுங்காகக் கிடைத்ததா என்றால் பெரும்பாலும் இல்லை. என்றாலும் கடமை யாருடையது என்பதில் அந்தச் சட்டத்துக்குக் குழப்பம் இருக்கவில்லை. மகாராஷ்டிரத்தில் 1972-73 வறட்சியின்போது எழுந்த வேலை உறுதித் திட்டம் அதற்கு முன்னோடி.

பிறகு நூறு நாள் வேலையிலும் நிரூபிக்கச் சொல்லும் காலம் வந்தது. 2023 ஜனவரி 1 முதல், வேலைத்தளத்தில் நாளுக்கு இருமுறை செல்போன் செயலியில் தொழிலாளரைப் படம் எடுத்து வருகையைப் பதிவது கட்டாயமானது. சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் படம் ஏறாது. காலையில் எடுத்தது ஏறி, மதியம் எடுத்தது ஏறாமல் போனால் அன்றைய கூலி சிக்கலில் மாட்டும். வெட்டிய மண் கண்முன்னே குவியலாகக் கிடக்கும், ஆனால் வேலை நடந்ததற்குச் சாட்சி இல்லை. ஆர்கன்சாவின் இணையதளத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரியவில்லை. ஊழலைத் தடுக்கத்தான் என்பார்கள். மஸ்டர் ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் போலிப் பெயர் எழுதுகிறவர், ஏரிக்கரையில் மண் வெட்டும் அறுபது வயது அம்மாள் அல்ல. தண்டனை அவருக்கு வருகிறது.

ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2019 நவம்பரில் ஒரு தீர்ப்புச் சொன்னது. வேலை தேட ஒத்துழைக்காதவரின் உதவித்தொகையை அரசு குறைக்கலாம், ஆனால் 30 சதவீதத்துக்கு மேல் வெட்டுவது மனித மாண்புக்கு எதிரானது என்று அது வரையறுத்தது. ஒத்துழைக்காதவருக்கே அங்கே இந்தப் பாதுகாப்பு. உழைத்துக்கொண்டிருப்பவர், ஒரு படிவத்தை நிரப்பாததற்காக முழுவதையும் இழப்பது எந்த நியாயத்தில் சேரும்?

2027 ஜனவரி நெருங்குகிறது. அமெரிக்க மாநிலங்கள் இந்தச் சட்டத்துக்காகக் கணினித் திட்டங்களைத் தயார்செய்ய வேண்டும். யார் எங்கே வேலை செய்கிறார், எவ்வளவு சம்பளம் என்பது காலாண்டுதோறும் முதலாளிகள் கொடுக்கும் கணக்கில் மாநில அரசுகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தேடி எடுத்துப் பொருத்திப் பார்க்கும் பாரத்தை அரசு ஏற்றுக்கொண்டால், பெரும்பாலானோரிடம் எந்தக் கேள்வியும் கேட்க வேண்டியிராது. பொருந்தாதவரை உடனே நீக்காமல், தொலைபேசியிலோ நேரிலோ ஒரு மனிதர் பேசிப் பார்க்கலாம். நிபந்தனையை ஏற்றுக்கொள்கிறவர்கள்கூட இதை மறுக்க நியாயமில்லை.

அதோடு, ஒவ்வொரு மாநிலமும் மாதந்தோறும் இரண்டு எண்களை வெளியிட வேண்டும். இந்த நிபந்தனையால் புதிதாக வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர், நீக்கப்பட்டவர்களில் ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் எத்தனை பேர். ஆர்கன்சாவில் இரண்டாவது எண்ணைப் பற்றி நமக்கு ஓரளவு தெரியவந்தது, பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் தொலைபேசி செய்து கேட்டதால். அதை அரசே எண்ணிச் சொல்லட்டும்.